ஆள் இருக்கும் வீடு

நானும் அம்மாவும் சேர்ந்து செய்த கடைசி வேலை ஒரு கம்பளியைப் பிழிந்தது. மொட்டைமாடியில், காலை வேளையில். ஈரக் கம்பளி ஓர் ஆள் கனம் இருக்கும். ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை நான் பிடித்தேன். இருவரும் எதிரெதிராக முறுக்க வேண்டும். நான் அவள் முறுக்கிய பக்கமே முறுக்க, கம்பளி பிழிபடாமல் கயிறுபோலச் சுழன்றது.

“அந்தப் பக்கம் திருப்பு புள்ளே. எஞ்சினியருக்குத்தான் படிச்சியா, இல்ல வேற எதுக்காவது படிச்சியா?”

“ஆக்லாந்துல மெஷினே பிழிஞ்சிடும்.”

“அப்போ மெஷினை அனுப்பியிருக்கலாமே. நீ எதுக்கு வந்தே?”

தண்ணீர் கொட்டியது. கீழே தெருவில் யாரோ கத்தினார்கள். அம்மா எட்டிப் பார்த்து, சுவாவில் மழை பெய்யும் என்று தெரியாதா, குடை எடுத்து வரக் கூடாதா என்று ஹிந்தியில் திருப்பிக் கத்தினாள். வானத்தில் அன்று மேகமே இல்லை.

கம்பளியைக் கொடியில் போட்டோம். மதியம் நான் நாண்டி விமான நிலையத்துக்கு பஸ் ஏறினேன். எங்கள் ஃபிஜியில் ஒருவர் வெளிநாடு போனால் வேன் பிடித்துக்கொண்டு சொந்தபந்தம் மொத்தமும் விமான நிலையம் வரை போகும். அம்மா யாருக்காகவும் போனதில்லை, எனக்காகவும் போனதில்லை. படிக்கட்டுத் தலைப்பில் நின்று, “சரி, போ” என்பாள். அன்றும் அதையே சொன்னாள்.

அடுத்த மாதம் இறந்துபோனாள். காரியத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர், “பாவம், அந்த மாடியிலே தனியா கெடந்து போயிட்டா” என்றார்கள். அது தவறு. தவறைத் தவறாகவே விட்டுவைத்து எனக்குப் பழக்கமில்லை. கோயம்புத்தூரில் படித்ததால் எனக்குத் தமிழ் எழுத வரும். ஆகவே எழுதுகிறேன்.

அம்மாவின் பெயர் அஞ்சலம்மா. லௌத்தோகாவுக்கும் நாண்டிக்கும் இடையே உள்ள லோவுவில் கரும்பு போட்ட குடும்பம். அப்பா சுரேந்திரா சுவா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். கல்யாணமாகி அம்மா வந்து இறங்கிய வீடு, நகரத்தின் நடுவில், மார்க்கெட்டுக்கும் பஸ் நிலையத்துக்கும் பின்னால் இருந்த ஒரு கான்கிரீட் கட்டடத்தின் மூன்றாம் மாடி. தரைத்தளத்தில் கடைகள். மேலே மூன்று மாடி, மாடிக்கு இரண்டு வீடு. ஒவ்வொரு வீடும் குடியிருந்த குடும்பத்துக்கே சொந்தம். எங்களுக்கு எதிர்வீட்டில் ரூபர்ட் அங்கிளும் ஆலிவ் ஆன்ட்டியும். லௌத்தோகாவை ஒட்டிய நடபுவாவிலிருந்து வந்த கத்தோலிக்கத் தமிழர்கள். அவர்கள் மீன் வறுத்தால் எங்கள் வீட்டுக்குள் வாசம் வரும். நாங்கள் சாம்பிராணி போட்டால் அவர்கள் வீட்டில் தும்மல் கேட்கும்.

அந்த வீட்டை அம்மாவுக்கு வந்த நாளே பிடித்துவிட்டது. “கொழாயைத் தொறந்தா தண்ணி. வாசல்ல எறங்கினா பஸ்ஸு. காலு சேத்துல படாம மார்க்கெட்டு போயி வரேன். லோவுல இருக்கறவங்க வந்து பாக்கட்டும்” என்பாள். கரும்புக்காட்டைப் பற்றி அவள் ஏங்கிப் பேசி நான் கேட்டதில்லை. தையல் இயந்திரம் ஒன்றை ஜன்னலோரம் போட்டு, பள்ளிச் சீருடைகள் தைத்தாள்.

1987இல் ராணுவம் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து, இந்திய வம்சத்தார் அதிகம் இருந்த அரசைக் கவிழ்த்து ஆட்சியை எடுத்துக்கொண்டது. இந்திய வம்சத்தார் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். அந்த வருடம் சுவாவில் நல்ல வியாபாரம் பார்த்தவை போட்டோ ஸ்டூடியோக்கள்தான். அப்பாவின் அண்ணன் பிரிஸ்பேனில் இருந்தார். பாஸ்போர்ட் படம் எடுக்க அப்பா எங்களை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனார். அவர் உட்கார்ந்து எடுத்துக்கொண்டார், பிறகு நான். அம்மா சுவரோரம் நின்றவள் நகரவில்லை.

“உக்காரு அஞ்சலம்மா. ஒரு நிமிஷ வேலை.”

“எங்க தாத்தாகிட்ட, கரும்புத்தோட்டக் கூலிக்கு ஆளு புடிக்க வந்தவனும் அப்பிடித்தான் சொன்னான். ‘கட்டைவெரலை வையி, ஒரு நிமிஷம்’னு. மெட்ராஸ்ல ஏத்தி இங்க கொண்டாந்து எறக்கினான். எங்க வம்சத்துல ஒரு தடவை ஏத்தினது போதும்.”

“அது கப்பலு. இது பிளேனு.”

“அப்போ இன்னும் சீக்கிரமா எறக்குவான்.”

படம் பிடிப்பவர் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. அம்மா கடைசிவரை அந்த நாற்காலியில் உட்காரவில்லை. சாகும்வரை அவளுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. நான் பிற்காலத்தில் ஆக்லாந்தில் வாங்கிய வீட்டை அவள் பார்த்ததில்லை. அதைக் குறையாகச் சொன்னவர்களிடம், “அவ வீட்டை அவ பாத்துக்கறா. என் வீட்டை நான் பாத்துக்கறேன்” என்றாள்.

அதே வருடம் இரண்டாவது முறையும் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அப்பா தனியாகப் போனார். வேலை தேடிக்கொண்டு எங்களை அழைப்பதாகப் பேச்சு. அம்மா அவருக்கு ஊறுகாயும் வறுத்த கடலையும் கட்டிக் கொடுத்து, படிக்கட்டுத் தலைப்பில் நின்றாள்.

அப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்யக் கூடாது என்று ஆணை இருந்தது. கடை திறக்கக் கூடாது, பஸ் ஓடக் கூடாது, விளையாடக்கூடக் கூடாது. பள்ளி திறக்கிற நேரம், சீருடைகள் குவிந்து கிடந்தன. அம்மா ஞாயிற்றுக்கிழமையும் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டே தைத்தாள். ஊர் அடங்கிக் கிடந்ததால் இயந்திரத்தின் சத்தம் மார்க்கெட் வரை கேட்டிருக்கும். ஒரு நாள் ஒரு சிப்பாய் மாடியேறி வந்துவிட்டான். நல்ல உயரம். எங்கள் நிலைப்படியில் குனிந்துதான் நின்றான். ஃபிஜியர்களில் பலரைப் போல அவனுக்கும் எங்கள் ஹிந்தி தெரியும்.

“இன்னிக்கு வேலை செய்யக் கூடாது, தெரியுமில்ல?”

“வேலையா? யாரு செஞ்சா? என் புள்ளைக்குச் சட்டை தெக்கறேன்.”

அவன் கட்டிலைப் பார்த்தான். ஒரே நீலத்தில் ஒரே அளவில் சட்டைகள் கழுத்துயரம் அடுக்கியிருந்தன. மூலையில் நான் ஒருத்தி.

“எத்தனை புள்ளை உனக்கு?”

“கடவுள் குடுத்தது. எண்ணக் கூடாது.”

அவன் வாயைக் கையால் மூடிக்கொண்டான். பிறகு முகத்தை விறைப்பாக்கி, “ஜன்னலையாவது சாத்து” என்றான்.

“சாத்தினா புழுங்கும். துப்பாக்கி வெச்சிருக்கியே, நீயே வந்து சாத்து.”

அவன் சாத்தவில்லை. இறங்கிப் போனான். அம்மா மறுபடி இயந்திரத்தை மிதித்தாள். அன்று தைத்த கடைசிச் சட்டையில் இரண்டு கையும் ஒரே பக்கம் வந்திருந்தன. அதைப் பிரித்துத் தைத்தாள், அதுவும் அதே ஞாயிற்றுக்கிழமை.

அப்பா திரும்பி வந்தது அடுத்த வருடக் கடைசியில். பிரிஸ்பேனில் வேலை சரியாக அமையவில்லையா, ஊர் பிடிக்கவில்லையா, சொல்லவே இல்லை. பெட்டியோடு மாடியேறி வந்து வாசலில் நின்றார். அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தலையை மட்டும் தூக்கி, “செருப்பை வெளிய விடுங்க. இப்பத்தான் தொடச்சேன்” என்றாள். பிரிஸ்பேனைப் பற்றி அந்த வீட்டில் அதற்குப் பிறகு பேச்சில்லை. சில வருடங்கள் கழித்து அந்த வீட்டிலேயே அவர் காலமானார்.

2000ஆம் ஆண்டு மே மாதம் மூன்றாவது முறை ஆட்சி கவிழ்ந்தது. அப்போது நான் படிப்பு முடித்துத் திரும்பி, சுவாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலையில் இருந்தேன். நாடாளுமன்றத்தில் ஆட்களைப் பிணை வைத்திருக்கிறார்கள் என்று வானொலி சொன்ன கொஞ்ச நேரத்தில் கடைத்தெருவில் இந்தியர் கடைகளின் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. பிறகு புகை. நான் ஓடி வீட்டுக்கு வந்தால் அம்மா முன்பக்கப் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருக்கிறாள்.

“அம்மா, உள்ள வா!”

“தோச்சதை என்ன பண்ணச் சொல்றே? வாளியிலயே வெச்சா நாறிடும்.”

“புகை பிடிக்கும்.”

“புடிச்சா திரும்பத் தோக்கறேன்.”

கீழே செருப்புக் கடையை உடைத்துக் காலி செய்தார்கள். பிறகு ஒரு கூட்டம் எங்கள் படிக்கட்டின் இரும்புக் கதவை உலுக்கியது. பூட்டு விட்டுவிடும் என்றே நினைத்தேன். அப்போது அம்மாவின் ஈரப் பாவாடையிலிருந்து ஒருவன் தலையில் தண்ணீர் சொட்டியிருக்கிறது. அண்ணாந்து பார்த்தான். பக்கத்திலிருந்தவனிடம் ஃபிஜிய மொழியில் ஏதோ சொன்னான். மேலே ஆட்கள் இருக்கிறார்கள் என்பதுதான் அது என்று அம்மா மொழிபெயர்த்தாள். அவர்கள் அடுத்த கட்டடத்துக்குப் போனார்கள். அங்கே மேல்மாடி பூட்டிக் கிடந்தது. அதற்குள் ஏறினார்கள்.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “பாத்தியா? துணி தொங்கினா ஆளு இருக்குன்னு அர்த்தம்.”

அந்த வருடமும் அடுத்த வருடமும் எங்கள் கட்டடம் காலியானது. ஒரு குடும்பம் வான்கூவர், ஒன்று ஆக்லாந்து, இரண்டு மெல்போர்ன். ரூபர்ட் அங்கிளும் ஆலிவ் ஆன்ட்டியும் சிட்னி. யாரும் வீட்டை விற்கவில்லை. நிலைமை சரியானதும் வந்துவிடுவோம் என்று சொல்லிச் சாவியை அம்மாவிடம் கொடுத்தார்கள். “வர மாட்டாங்க” என்று என்னிடம் சொன்னாள். சாவிகளை வாங்கிக்கொண்டாள். ஐந்து வீடு காலி, ஒரு வீட்டில் நாங்கள். ஆளில்லாத கட்டடம் என்று தெரிந்தால் கதவை உடைத்து யாராவது உள்ளே வருவார்கள். அதன்பின் நாங்களும் அங்கே இருக்க முடியாது.

எனவே அவள் அந்த ஐந்து வீட்டுக்கும் குடித்தனம் நடத்தத் தொடங்கினாள். பொழுது சாயும்போது வீடு வீடாகப் போய் விளக்குப் போட்டாள். ஒரு வீட்டில் வானொலி பேசும், இன்னொன்றில் தையல் இயந்திரம் ஓடும். அதற்காகவே இயந்திரத்தை அந்தந்த வீட்டுக்கு என்னையே தூக்க வைத்தாள். போனவர்கள் விட்டுப்போன பழைய துணிகளைத் தோய்த்து அவரவர் பால்கனியில் உலர்த்தினாள். யாரும் உடுத்தாத துணி வாரா வாரம் தோய்ந்தது.

“ஒரே சட்டையைத் தெனமும் போட்டா சந்தேகம் வரும்” என்று மாற்றி மாற்றிப் போட்டாள். வான்கூவர்க்காரர் வீட்டில் குழந்தைத் துணி கிடைத்தது. அதைப் பெருமையாகத் தொங்கவிட்டாள். “அவங்களுக்குப் பேரன் பொறந்திருக்கான்” என்றாள். அவர்களுக்கு இன்னும் மருமகளே வரவில்லை.

இந்த ஏற்பாடு அவள் நினைத்ததைவிட நன்றாக வேலை செய்துவிட்டது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அம்மா ரூபர்ட் அங்கிள் வீட்டில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள், நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கதவை யாரோ இடித்தார்கள்.

“டேய் ரூபர்ட்! கதவைத் தொறடா! சிட்னிலேர்ந்து வந்துட்டு சொந்த அண்ணன்கிட்டயே ஒளிஞ்சிக்கறியா?”

அது ரூபர்ட் அங்கிளின் அண்ணன் சிரில். நடபுவாவிலிருந்து முந்தின வாரம் எதற்கோ சுவா வந்தவர், பஸ் நிலையத்திலிருந்து அண்ணாந்து பார்த்திருக்கிறார். வீட்டில் விளக்கு. கொடியில் அவரே தம்பிக்குக் கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்த கட்டம்போட்ட சட்டை. லௌத்தோகா போய் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். கோபம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம். இப்போது பெண்டாட்டி, மச்சான்கள், ஒரு மூட்டை சேப்பங்கிழங்கு, உயிருள்ள கோழி ஒன்று என்று மொத்தமாக வந்திருந்தார்கள்.

அம்மா கதவைத் திறந்தாள். சிரில் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார்.

“எங்க அவன்?”

“சிட்னில.”

“சட்டை தொங்குதே?”

“சட்டை இங்கதான் இருக்கு. அவருதான் அங்க இருக்காரு.”

புரியவைக்க நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரில் ஆலிவ் ஆன்ட்டியின் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவருடைய பெண்டாட்டி, “நான் அப்பவே சொன்னேன், போன் பண்ணிக் கேளுன்னு. இந்த மனுஷன் கேட்டாத்தானே” என்று ஆரம்பித்தாள். அம்மா இருவரையும் கண்டுகொள்ளாமல் கோழியை வாங்கிக்கொண்டு, “வந்தது வந்தீங்க. நாலு பேரும் பால்கனியில நின்னு கொஞ்சம் சத்தமா பேசுங்க. தெருவுக்குக் கேக்கட்டும்” என்றாள். அவர்கள் அன்று அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, நன்றாகச் சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள்.

செய்தி சிட்னிக்குப் போனது. ரூபர்ட் அங்கிள் போனில் கூப்பிட்டார். “அக்கா, நான் இல்லாமலே நான் அங்க குடியிருக்கேனாமே?”

“ஆமா. இங்க நீங்க நல்லா இருக்கீங்க. அங்க எப்பிடி இருக்கீங்க?”

அவர் போனை ஆலிவ் ஆன்ட்டியிடம் கொடுத்துவிட்டார்.

நான் ஆக்லாந்தில் வேலை கிடைத்துப் போனேன். ஆண்டுதோறும் வந்தேன். 2006இல் நான்காம் முறை; மறுபடியும் ராணுவம் ஆட்சியை எடுத்தது. அம்மா போனில், “வந்துட்டாங்க. நீ பயப்படாதே, துணியெல்லாம் தொங்குது” என்றாள்.

ஆனால் வெளியே இருந்தவர்களுக்கு அந்தமுறை நம்பிக்கை போய்விட்டது. கமலேஷ் என்ற கடைக்காரர் அவர்களிடமிருந்து வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கினார். ரூபர்ட் அங்கிள் விற்பதற்கு முன் அம்மாவைக் கேட்டார். “வித்துக்கங்க. சட்டையை அனுப்பவா?” என்றாள். வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்றாராம். கமலேஷுக்குக் கட்டடத்தை இடித்துப் பெரிய கடை கட்ட ஆசை. அம்மாவின் வீடு ஒன்றுதான் குறுக்கே நின்றது. அவர் இனிப்புப் பெட்டியோடு வந்தார்.

“ஆன்ட்டி, இந்த வயசுல மாடியேறி எறங்கறது கஷ்டம். மகள்கிட்ட போய் நிம்மதியா இருக்கலாம்.”

“எனக்கு முழங்கால் நல்லா இருக்கு. உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது. ஒக்காருங்க.”

அடுத்தமுறை இனிப்பு இல்லை. கட்டடம் பலவீனமாகிவிட்டது, உயிருக்கு ஆபத்து, உடனே வெளியேற வேண்டும் என்றார். அம்மா என்னைக் கூப்பிட்டாள். நான் சுத்தியலோடு வந்து தளம் தளமாகத் தட்டிப் பார்த்தேன். தூண்களையும் உத்தரங்களையும் பார்த்தேன். கடல்காற்றில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் உள்கம்பி துருப்பிடித்து, சிமென்ட் உதிர்ந்திருந்தது. இரண்டு ஜன்னலுக்கு மேலிருந்த சன்ஷேடு சரியில்லை. நான் விளக்கத் தொடங்கினேன்.

“அதெல்லாம் விடு. விழுமா, விழாதா?”

“விழாது.”

“அப்போ நான் எதுக்குப் போகணும்?”

இதையே கமலேஷிடம் போய், என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அவர் கடையில் வாடிக்கையாளர்கள் நிறைந்திருந்த நேரத்தில் கேட்டாள். இடிக்க முடியாதென்றால் வாடகைக்காவது விடலாம் என்று ஐந்து வீடுகளையும் அவர் வாடகைக்கு விட்டார்.

ஆட்கள் வந்தார்கள். நிலக் குத்தகை முடிந்து வெளியேற்றப்பட்ட கரும்புக்காரக் குடும்பம் ஒன்று, பல்கலைக்கழக மாணவிகள், கடாவு தீவிலிருந்து வந்த ஒரு கூட்டுக்குடும்பம். ரூபர்ட் அங்கிள் வீட்டுக்கு மெரே என்ற ஃபிஜிய நர்ஸும் அவள் புருஷனும். மெரே மருத்துவமனையிலிருந்து வந்ததும் முதலில் அம்மாவின் கதவைத்தான் தட்டுவாள். இருவரும் அரைகுறை ஹிந்தியிலும் அரைகுறை ஆங்கிலத்திலும் கமலேஷைத் திட்டுவார்கள். என் கடைசி வருகைகளில் அம்மாவின் ஒரே புகார் மொட்டைமாடியைப் பற்றியது: “எல்லாரும் தோச்சு மாட்டிடறாங்க. எனக்குக் கொடியில எடமே இல்ல.” புகாரைச் சொல்லிவிட்டு இடுப்பில் கைவைத்து நின்று கொடிகளைப் பார்ப்பாள். தனியாகக் கிடந்தாள் என்றவர்கள் அந்த மாடிக்கு வந்ததே இல்லை.

கம்பளி பிழிந்துவிட்டு நான் ஆக்லாந்து திரும்பியபின், ஒரு வியாழக்கிழமை போனில் பேசினோம். மெரே பிள்ளைத்தாய்ச்சி. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் இடையில் படிக்கட்டுக் கைப்பிடி சுவரிலிருந்து கழன்று ஆடுகிறது என்றாள் அம்மா.

“எவ்வளவு ஆடுது?”

“புடிச்சா கூடவே வருது.”

“ரெண்டு போல்ட் வேலைதான். கிறிஸ்துமஸுக்கு வரும்போது நான் போட்டுடறேன். அதுவரைக்கும் கயித்தைக் கட்டி வை.”

“நீ கை வெக்காதே. படிக்கட்டு கமலேஷ் பொறுப்பு, அவன்தான் போடணும். நாம போட்டுட்டா அடுத்ததையும் நம்மளையே போடச் சொல்லுவான். அப்புறம் நாம சலிச்சுப் போயி வீட்டைக் குடுத்துட்டு எறங்கிடுவோம்னு பாப்பான். திங்கக்கெழமை கடையில கூட்டமா இருக்கும். அப்போ போறேன்.”

சனிக்கிழமை மார்க்கெட்டில், கீரைக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. மெரேதான் மருத்துவமனையில் கூடவே இருந்தாள். நான் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள் கமலேஷ் வந்தார். துக்கம் கேட்டார். வீட்டை என்ன செய்யப்போகிறேன் என்று மெல்லக் கேட்டார். வீட்டில் ஆள் இருக்கிறது என்றேன். லோவுவிலிருந்து அம்மாவின் தங்கை மகள் படிக்க வருகிறாள், அவள் இருப்பாள். அவர் தலையாட்டிவிட்டு, கைப்பிடியைத் தொடாமல் சுவரோரமாக இறங்கிப் போனார்.

நான் போய்ப் பார்த்தேன். சுவரில் இரண்டு துளை. போல்ட் துருப்பிடித்து முறிந்திருக்கிறது. என் பெட்டியில் துளைக்கும் கருவி இருந்தது. அதை எடுக்கவில்லை. மெரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கணவனின் தோளைப் பற்றி ஏறி வந்தாள். “திங்கட்கிழமை போறேன்னு ஆன்ட்டி சொன்னாங்களே” என்றாள்.

அம்மா போகவில்லை; நானும் இன்னும் போகவில்லை. கமலேஷின் கடைக்குப் போய், கூட்டத்தின் நடுவில் நின்று, கைப்பிடியைப் போடச் சொல்லிக் கேட்கிற வேலை அப்படியே நிற்கிறது.